புத்தகத்தோடு சண்டை போட்ட ராத்தா

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். மாத்தளையில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பின்னேரங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் யாரையோ திட்டுவது கேட்கும்.

"ஒனக்கு யாரு இதச் செல்லித் தந்த? நீ கண்ணால கண்டியா? கண்டவன் இப்பிடி எழுதுவானா?"

மறுபேச்சு வராது. புருஷனைத்தான் திட்டுகிறார் என்று அம்மா நினைத்தாள். பாவம் அந்த மனுஷன், வாயே தொறக்கிறதில்லை என்று அப்பாவிடம் இரக்கப்பட்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் புருஷன் கடைத்தெருவில் தன் கடையில் இருந்தார். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது ஒரு புத்தகம்.

அவரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். தெரு முழுவதுமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. தலையில் போட்ட முந்தானை வாசிக்க வாசிக்கச் சரிந்து தோளுக்கு வந்துவிடும். யாராவது வருகிற சத்தம் கேட்டால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட வரியை விரலால் தேடுவார். ஒரு வேடிக்கையும் உண்டு. தனியாக இருக்கும்போதும் அவர் வாயை அகலமாகத் திறந்து, உதட்டைக் குவித்து, பல் தெரிய விரித்து, ஒவ்வொரு சொல்லையும் மென்று தின்கிற மாதிரிதான் வாசிப்பார். நான் வீட்டில் அப்படிச் செய்து காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அவர் புருஷனை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்போம். மிளகு, கராம்பு, ஏலம், கொக்கோ வாங்கி விற்கிற வியாபாரி. சில்லறைக்குக் கட்டிக் கொடுப்பதற்காகப் பழைய பேப்பர் வாங்குவார். கண்டியிலிருந்து சாக்கு சாக்காக வரும். அதை வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி, பை ஒட்டுவது ராத்தாவின் வேலை. சாக்கில் பத்திரிகைகளோடு கதைப் புத்தகங்களும் கிடக்கும். அட்டை போனவை, பூச்சி அரித்தவை, பாதி மட்டும் மிஞ்சியவை. வாசிக்காமல் ராத்தா எதன்மேலும் கத்தரிக்கோல் வைக்கமாட்டார். பிடித்திருந்தால் அரிசிப் பெட்டிமேல் ஏறும். பிடிக்காவிட்டால் அன்றைக்கே பையாகிவிடும்.

"பை ஒட்டச் சொன்னா இவ கோர்ட் வெச்சி வழக்குக் கேட்டுட்டு ஈக்கிறா" என்று நானா சிரிப்பார். அவர்கள் வாயில் 'இருக்கிறா' என்பது 'ஈக்கிறா' ஆகும். 'சொல்லு' என்பது 'செல்லு' ஆகும். அந்தப் பேச்சு சீக்கிரமே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் அந்த வீட்டுப் பின் விறாந்தைக்குப் போனது என் தம்பியால். நானாவின் கடைக்கு மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்துக் கொடுக்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். தம்பி கணேசுக்கு மிளகாய் நெடி ஆகாது. தும்மலில் தொடங்கி வலிப்பில் போய் நிற்கும். அதனால் அம்மா உலக்கையை எடுக்கும்போது நான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். பிறந்தபோது அவன் அழவேயில்லை என்று அம்மா சொல்வாள். ஏழு வயதாகியும் நிற்கமாட்டான். பேச்சு என்றால் சில சத்தங்கள்தான். அதில் எது பசி, எது கோபம் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனைப் பற்றித்தான் கேட்பார்கள். மருந்து கொடுத்தீங்களா, நேர்த்தி வச்சீங்களா என்று. ராத்தா முதல் நாள் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒனக்குக் கை நோகலியா புள்ள?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கணேசுக்குப் பேப்பர் கிழிகிற சத்தம் பிடிக்கும் என்பதை ராத்தாதான் கண்டுபிடித்தார். அவனை 'வாப்பா', அதாவது அப்பா, என்று செல்லமாகக் கூப்பிட்டு, பைக்குத் தோதுப்படாத ஓரங்களை மடியில் போடுவார். விரல்கள் அவன் சொன்னபடி கேட்கா. ஆனால் பேப்பரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையில் சுற்றி இழுத்துவிடுவான். கிழிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்பு. கொஞ்ச நாளில் ராத்தாவுக்கு ரொம்பக் கோபமூட்டிய புத்தகங்கள் பையாகக்கூட ஆகாமல் நேரே அவனிடம் போயின.

அப்படிப் போனவற்றில் ஒன்று துப்பறியும் கதை. அதில் திருடன் ஒரு காலை இழுத்து நடப்பவன். கதை முழுவதும் அவன் கால் தேய்கிற சத்தம் வரும். அது வந்தால் ஏதோ கெட்டது நடக்கும். ராத்தா பாதியில் புத்தகத்தை மூடினார்.

"களவெடுக்கிறவனுக்கு ஓடத் தெரியணுமா இல்லியா? இழுக்கிற காலோட ஒருத்தன் ஏன் களவுக்குப் போறான்? அறிவு வேணாமா எழுதுறவனுக்கு? இந்தா வாப்பா, நீயே இவனுக்குத் தீர்ப்புச் செல்லு."

கணேசு தீர்ப்பைப் பல்லால் எழுதினான்.

இன்னொன்று கண் தெரியாத ஒரு சிறுமியின் கதை. அவள் எப்போதும் புன்னகையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் அக்கா அவளுக்குப் பூக்கட்டித் தலை வாருவாள். அக்காவுக்கு அலுப்பில்லை; தங்கைக்கு எரிச்சல் இல்லை. வீட்டுக்கே அவள் ஒரு விளக்கு. ராத்தா இரண்டு பக்கம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செல்லு புள்ள. ஒன்ட தம்பி இப்பிடியா?"

எங்கள் வீட்டில் கணேசைப் பற்றி ஒரு குறை சொல்லக்கூடாது. சொன்னால் அம்மாவின் கண் நிறைந்துவிடும். அது பாவம் என்று எனக்குள்ளேயே முடிவு செய்திருந்தேன்.

"செல்லு. இங்க யாரும் இல்ல. அவனும் நானுந்தான்."

"கடிப்பான்" என்றேன்.

"எங்க?"

முழங்கைக்குக் கீழே பல் பதிந்த இடத்தைக் காட்டினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டையில் எச்சில் ஒழுக்குவான், கொப்பியைக் கிழிப்பான், நான் யாரோடாவது சிரித்துப் பேசினால் கத்துவான், ராத்திரி உதைப்பான், அவனால் எனக்குச் சிநேகிதிகளே வீட்டுக்கு வருவதில்லை என்று வரிசையாகக் கொட்டினேன். சொல்லி முடித்ததும் பயம் வந்தது. ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா வாப்பா?" என்றார் கணேசிடம். "ஒன்ட அக்கா ஒன் வண்டவாளத்த எல்லாம் செல்லிட்டா."

நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அவன் கனமே தெரியவில்லை என்று எழுதினால் ராத்தா என்னோடும் சண்டைக்கு வருவார். கனமாகத்தான் இருந்தான். ஆனால் வழியில் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன். யாரும் சொல்லாமல், எனக்கே தோன்றி.

அவர் ஏன் அப்படி வாயை விரித்து வாசிக்கிறார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பை ஒட்டிக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு அக்கா இருந்தார். யட்டவத்தை என்ற ஊரில், பெற்ற உம்மாவோடு இருந்தார். பிறவியிலேயே காது கேளாது. ஆனால் வாயசைவைப் பார்த்துப் பாதி விளங்கிக்கொள்வார். சின்ன வயதில் ராத்தா பள்ளிக்கூடப் புத்தகங்களை அக்காவின் முகத்துக்கு நேரே வைத்து அப்படித்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அது பழகிப் போய்விட்டது.

"கலியாண வீட்டுக்குப் போனாலும் நான்தான் அவட காது. யாரோ ஒரு பகிடி செல்லுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குச் சிரிக்க நேரமில்ல. மொதல்ல அவக்கு வாயசைச்சிச் செல்லணும். எல்லாரும் சிரிச்சி முடிஞ்ச பொறகுதான் நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம். சபையே எங்களத் திரும்பிப் பாக்கும்."

"ஒங்களுக்குக் கோவம் வராதா ராத்தா?"

"வரும். அவவில வரும், உம்மாவில வரும். பொறகு அவட மொகத்தப் பாத்தா போயிரும். திரும்பவும் வரும். அத எவனாவது எழுதியிருக்கானான்னுதான் இந்தச் சாக்கெல்லாம் கொட்டிப் பாக்கிறேன்."

எழுதியவர் ஒருவர் கிடைத்தார். முன்னும் பின்னும் அட்டை இல்லாத ஒரு சின்னப் புத்தகம். அதில் ஒரு அண்ணன், பேச்சு வராத ஒரு தம்பி. அண்ணன் ஒருநாள் தம்பியை விட்டுவிட்டுத் தனியாகச் சந்தைக்குப் போகிறான். ராட்டினத்தில் ஏறுகிறான். தம்பியை மறந்தே போகிறான். எத்தனை கதை வாசித்திருக்கிறோம், இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் தம்பி கிணற்றில் விழுந்திருப்பான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ராத்தா என் கையை எடுத்துவிட்டு வாசித்தார். அண்ணன் வீட்டுக்கு ஓடி வருகிறான். தம்பி பாயில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் வேறு பேச்சு.

"பாத்தியா?" என்றார் ராத்தா. "ஒண்ணும் நடக்கல்ல." இன்னொரு தரம் அந்தப் பக்கத்தைத் தனக்காக வாசித்துக்கொண்டார். பிறகு, "இத எழுதினது யாரோ ஒரு தங்கச்சிதான். அண்ணன்னு மாத்திப் போட்டிருக்கா" என்றார். அது அரிசிப் பெட்டிமேல் ஏறியது. அவர் சண்டை போடாமல் முடித்து நான் பார்த்த முதல் புத்தகம் அது.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் தம்புள்ளைக்குச் சுற்றுலா போனார்கள். நான் வீட்டில் கேட்கக்கூட இல்லை. கேட்டது ராத்தா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம், "அக்கா, அண்டைக்கு ஒருநாள் கணேச நான் வெச்சிருக்கேன். இவளப் போக விடுங்க" என்றார். மலைமேல் குகைச் சித்திரங்களைப் பார்க்கும்போதும், பஸ்ஸில் பாட்டுப் பாடும்போதும் இடையிடையே கணேசின் நினைப்பு வந்து எனக்குப் பகீரென்றது. இருட்டுகிற நேரத்தில் வந்து இறங்கி, பையை வீசிவிட்டு ராத்தா வீட்டுக்கு ஓடினேன். கணேசு வாயெல்லாம் ராத்தா ஊட்டிய வட்டிலப்பத்தோடு இருந்தான். என்னைக் கண்டதும் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இவ்வளவும் விளங்கிய பிறகும் நான் ஒரு கதையிடம் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் அது. அதிலும் நடக்க முடியாத ஒரு தம்பி. அவனுக்காக அக்கா பட்டினி கிடக்கிறாள். தன் சோற்றை யார் யாருக்கோ கொடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். கடைசியில் ஒரு திருவிழா நாளில் தேர் அசையும்போது தம்பி எழுந்து அவளை நோக்கி நடந்து வருகிறான். அதை நான் ராத்தாவிடம் காட்டவில்லை. காட்டினால் சண்டை போடுவார் என்று தெரியும். அவர் சண்டை போட்டால் அது பொய்யாகிவிடும். அது பொய்யாகக்கூடாது.

எங்கள் அம்மன் கோயில் தேருக்குச் சில வாரங்கள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். காலையில் பசியில்லை என்றேன். அம்மாவுக்கு மிளகாய் வேலை மும்முரம், கவனிக்கவில்லை. ஒரு பின்னேரம் கணேசைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் விறாந்தையில் ஏறியபோது கண் இருட்டியது. பேப்பர்ச் சாக்குகளின்மேல் இருவருமாக விழுந்தோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

ராத்தா என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். சீனி நிறையப் போட்டு பிளேன்டீ கொண்டுவந்தார்.

"இண்டைக்கு எனத்த தின்ட?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். ஒரு வசைச் சொல் வரவில்லை. முதன்முறையாக வாயை அசைக்காமல் வாசித்தார். முடித்ததும் கணேசு கை நீட்டினான்.

"இது கிழிக்கிறதுக்கு இல்ல வாப்பா" என்று அதை எடுத்து மேலே வைத்தார். என்னிடம், "நல்லா எழுதியிருக்கான். அதான் மோசம்" என்றார். பிறகு கேட்டார்: "தேரண்டைக்குத் தம்பி எழும்பாட்டி எனத்த செய்வ?"

"இன்னும் கூடப் பட்டினி இருப்பேன்."

ராத்தா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒன்ட வயசில நோன்பு புடிச்சேன். ரமழானில எல்லாரும் புடிப்பாங்க. நான் மத்த மாசத்திலயும் புடிச்சேன், உம்மாக்குத் தெரியாம. எங்கட ராத்தாட காது கேக்கணும்னு. வருசக் கணக்கா புடிச்சேன் புள்ள. நோன்பு நோன்பாவே ஈந்திச்சி. காது காதாவே ஈந்திச்சி. என்னில ஏதோ கொறை ஈக்கிது, அதான் கேக்கல்லன்னு நெனச்சேன். அப்பிடி இல்லன்னு செல்ல எனக்கு யாரும் இருக்கல்ல." என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "நான் செல்றேன். அப்பிடி இல்ல. அவன் நடக்கிறதும் நடக்காததும் ஒன் சோத்துல இல்ல."

என்னை ஒரு கையிலும் கணேசை இடுப்பிலுமாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அம்மா முறத்தோடு முற்றத்தில் நின்றாள். ராத்தா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அக்கா, இந்தப் புள்ள தம்பி நடக்கணும்னு பல நாளாச் சாப்பிடாம ஈக்கிறா."

அம்மாவின் கையிலிருந்து முறம் சரிந்தது. என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் ராத்திரியில சாப்பிடுறதில்ல" என்றாள். "இவன் பொறந்த வருசத்துல அம்மனுக்கு நேந்துக்கிட்டது. யாருகிட்டயும் சொல்லல."

அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் பார்த்ததில்லை. ராத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல வீடு. ரெண்டு பேரும் பட்டினி. தின்றது இவன் ஒருத்தன்தான். அதான் கல்லுக் கணக்கா கனக்கிறான்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ராத்தா எங்கள் குசினிக்குள் அதுவரை நுழைந்ததில்லை. அன்றைக்குக் கணேசை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், சட்டியில் இருந்த சோற்றையும் பருப்பையும் போட்டுக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை படியில் உட்கார்ந்திருந்தார். அம்மனுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டாள். "பெத்தவ பட்டினி கெடக்கணும்னு எந்தத் தாய் கேப்பா?" என்றார் ராத்தா. அதற்குப் பிறகு அம்மா இரவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் பரிசுப் புத்தகத்தை என்னிடமே தந்தார். "பெரிசானதும் இன்னொருக்கா வாசி. அப்ப நீயே சண்டை புடிச்சிக்க." வளர்ந்த பிறகு வாசித்தேன். சண்டை வரவில்லை. அந்தக் கதைக்குள் ஒருவராவது அந்தப் பெண்ணுக்கு ஒரு பிடி சோறு போட்டிருக்கலாமே என்று அழுகைதான் வந்தது.

கணேசு நடக்கவில்லை. தேர் அவனைத் தாண்டிப் போனது. அவன் என் மடியில் இருந்து மேளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கொடுத்து வைத்திருந்த ஆயுளை அப்படியே இருந்து முடித்தான். என் இரண்டாவது பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அதற்கெல்லாம் வெகு முன்பே, யட்டவத்தையில் உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் ராத்தாவின் அக்கா மாத்தளைக்கே வந்துவிட்டார். உயரமான மனுஷி, ராத்தாவைவிட வேகமாகப் பை ஒட்டுவார். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்திருந்த கணேசின் பேச்சு, அவன் முகத்தைப் பார்த்தே அவருக்கும் விளங்கியது. ராத்தா வாசிக்க, கணேசு கிழிக்க, பெரியவர் ராத்தாவின் வாயைப் பார்த்தபடி ஒட்ட, அந்த விறாந்தை எந்நேரமும் கலகலப்பாக இருக்கும்.

பள்ளிக்கூடம் முடித்ததும் எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் சொல்லிக்கொள்ளப் போனேன். வாசலிலிருந்தே, "ராத்தா, ராத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். ராத்தா காய்ச்சலில் சில நாளாகத் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போதுதான் பாயில் கண்ணயர்ந்திருந்தார். தலைமாட்டில் அவருடைய அக்கா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். என் வாய் அசைவதைக் கண்டதும், பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத அந்த மனுஷி, பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். தங்கச்சி தூங்குகிறாள், சத்தம் போடாதே என்று கையால் காட்டினார். பிறகு தன் போர்வையை எடுத்து ராத்தாவின் காதை மூடினாற்போலப் போர்த்திவிட்டார்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துப் படியிறங்கினேன்.